கிரெயினைத் துரத்திய டெவலப்பர்கள்

கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவப் பயன்படும் டெவலப்பர்களில் ஒரு வகைக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தனி மவுசு இருந்துவருகிறது. பொட்டலத்தின் மேல் ‘ஃபைன் கிரெயின்’ என்று அச்சிட்டிருந்தால் போதும். சிறிய நெகட்டிவிலிருந்து எவ்வளவு பெரிய பிரிண்ட் போட்டாலும் வானமும் கன்னமும் குருணை குருணையாகத் தெரியாது என்பது அதன் வாக்கு. 1930களில் இந்த வாக்கை நம்பி அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஒரு தலைமுறையே இருட்டறைக்குள் தராசும் குடுவையுமாக உட்கார்ந்திருந்தது. புதுப்புது ஃபார்முலாக்கள் வந்தன. அவற்றை விளக்கப் புத்தகங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. அந்த வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். கிரெயினைக் குறைத்த எந்த டெவலப்பரும் அதை இலவசமாகச் செய்யவில்லை. ஒன்று பிலிமின் வேகத்தைப் பிடுங்கிக்கொண்டது, அல்லது படத்தின் கூர்மையை. நீடித்து நின்ற டெவலப்பர் மிக அதிகமாக வாக்குக் கொடுத்தது அல்ல, மிகக் குறைந்த விலை கேட்டது.

முதலில், படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்கள் குருணையாகத் தெரியும் இந்தக் கிரெயின் ஏன் ஒரு பிரச்சினையாயிற்று என்று பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான படங்கள் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டன. தகட்டைப் பிரிண்ட் தாளின் மேல் நேராக வைத்து வெயிலிலோ விளக்கிலோ காட்டினால், தகட்டின் அளவுக்கே படம் கிடைத்துவிடும். பெரிதாக்குவதே அரிது என்பதால் வெள்ளித் துகள்களைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக், சினிமாப் பிலிமையே போட்டு நிழற்படம் எடுக்கும் ஒரு சின்னக் கேமராவை முதல் உலகப் போருக்குச் சற்று முன் செய்து பார்த்தார். அதன் வாரிசான லைக்கா 1925இல் லைப்சிக் வசந்தச் சந்தையில் விற்பனைக்கு அறிமுகமானது. அதன் நெகட்டிவ் 24×36 மில்லிமீட்டர். தபால்தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதிலிருந்து 30×40 சென்டிமீட்டர் பிரிண்ட் போட வேண்டுமானால் நீள அகலத்தில் பன்னிரண்டரை மடங்கும், பரப்பில் 150 மடங்குக்கு மேலும் பெரிதாக்கியாக வேண்டும். தகட்டில் ஒருபோதும் கண்ணில் படாத துகள் அமைப்பு, அந்தப் பெருக்கத்தில் முகத்தின் மேல் மணலைத் தூவியதுபோல் வெளியே வந்தது. ஆக, ஃபைன் கிரெயின் டெவலப்பரைப் பெற்றெடுத்தது வேதியியலின் தானான வளர்ச்சி அல்ல; சின்னக் கேமராவின் கவலை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. லைக்கா பயன்படுத்திய பிலிம் சினிமாவிலிருந்து வந்தது. சினிமாவின் ஒரு சட்டகமோ லைக்காவின் நெகட்டிவில் பாதிதான். அதைத் திரையில் எத்தனையோ நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டினார்கள். அப்படியும் பார்வையாளர்கள் கிரெயினைப் பற்றிப் பெரிதாக முணுமுணுக்கவில்லை. காரணம், திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் துகள்கள் வேறு வேறு இடத்தில் விழுந்திருப்பதால் கண் அவற்றைத் தானாகவே சமன்செய்துகொள்கிறது. நிழற்படத்தில் அந்தச் சலுகை இல்லை. ஒரே சட்டகம் சுவரில் அசையாமல் தொங்குகிறது. பார்க்கிறவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சினிமாக்காரர்களுக்கே கிரெயின் உறுத்திய இடம் ஒன்று உண்டு: பிரதி எடுக்கும் வேலை. மூல நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ் என்று போகும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் கிரெயின் கூடிக்கொண்டே போகும், கான்ட்ராஸ்டும் ஏறும். இந்தத் தொழில் சிக்கலுக்குத் தீர்வாகப் பிறந்ததுதான் பின்னாளில் உலகமெங்கும் இருட்டறைகளில் நிலைத்துவிட்ட டி-76.

டி-76ஐ உருவாக்கியவர் ஜான் கேப்ஸ்டாஃப். இங்கிலாந்தின் கிராய்டனில் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனத்தில் இருந்தவர். கென்னத் மீஸ் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கோடாக் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கியபோது அவருடன் சென்றவர். 1920களின் பிற்பகுதியில் அவர் வகுத்த ஃபார்முலாவில் ஐந்து பொருள்களே உண்டு: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர். கலக்கும்போது வரிசை முக்கியம். 52 டிகிரி சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்து முதலில் மெட்டாலைக் கரைக்க வேண்டும். சல்பைட்டை முந்திப் போட்டுவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும். சல்பைட்டே இல்லாவிட்டாலும் மெட்டால் காற்றுப்பட்டுப் பழுக்கத் தொடங்கும் என்பதால், அனுபவசாலிகள் ஒரு சிட்டிகை சல்பைட்டை மட்டும் முதலில் போட்டு, பிறகு மெட்டால், அதன்பின் மீதிச் சல்பைட், ஹைட்ரோகுவினோன், கடைசியாக வெண்காரம் என்று போவார்கள். வெண்காரம்தான் இதில் காரம் தரும் பொருள். சாதாரண டெவலப்பர்களில் அந்த இடத்தில் சோடியம் கார்பனேட் இருக்கும். வெண்காரத்தின் வேகம் அதைவிட மிக மென்மையானது. டெவலப்பர் நிதானமாக வேலை செய்யும், கான்ட்ராஸ்ட் எகிறாது.

அந்த 100 கிராம் சல்பைட்தான் கதையின் மையம். டெவலப்பர் காற்றில் கெடாமல் காப்பதற்கு அவ்வளவு தேவையே இல்லை; அதில் ஒரு சிறு பங்கே போதும். எஞ்சியது வேறொரு வேலை செய்கிறது. அடர்த்தியான சல்பைட் கரைசல், பிலிமில் உள்ள வெள்ளி புரோமைடு படிகங்களின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த வெள்ளியில் ஒரு பகுதி, உருவாகிவரும் வெள்ளித் துகள்களின் மேலேயே மறுபடி படியும். விளைவாக, முறுக்கிய நூல்கண்டுபோல் வளர வேண்டிய துகள் சற்றுச் சிறியதாகவும் இறுக்கமாகவும் அமைகிறது. இந்தக் கரைப்பு வேலை டி-76இல் மிதமாகவே நடக்கிறது. பின்னால் வந்தவர்கள் இதையே முறுக்கிவிட முயன்றார்கள். டி-76க்கும் ஒரு குறை இருந்தது. நாள்பட வைத்திருந்தால் ஹைட்ரோகுவினோனும் சல்பைட்டும் வினைபுரிந்து காரம் கூடிப்போய், டெவலப்பர் பழையதாக ஆக வேகம் ஏறும். கோடாக்கின் கார்ல்டனும் கிராப்ட்ரீயும் சினிமாப் பிலிமுக்கான ஃபைன் கிரெயின் டெவலப்பர்களை ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், வெண்காரத்தோடு போரிக் அமிலத்தையும் சேர்த்து அதை நிலைப்படுத்தும் வடிவம் வந்தது. ஃபார்முலாவை யாரும் ஒளித்துவைக்கவில்லை. பிரிட்டனின் இல்ஃபோர்டு அதே பொருள்களை ஐடி-11 என்ற பெயரில் விற்றது. விரும்பியவர் கடையில் மருந்துகளை நிறுத்து வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளலாம்.

டி-76 அப்போதே சந்தையில் இருந்தது. சின்னக் கேமராக்காரர்களுக்கு அது போதவில்லை. 1934இல் கோடாக் தன் ரெட்டினா கேமராவோடு, பகல் வெளிச்சத்திலேயே போடத்தக்க 35 மில்லிமீட்டர் சுருளைக் கொண்டுவந்தது. 1936இல் அமெரிக்காவின் ஆர்கஸ் நிறுவனம் பன்னிரண்டரை டாலருக்கு ஒரு 35 மில்லிமீட்டர் கேமராவை விற்றது. லைக்கா வாங்க வசதியில்லாத ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் சின்ன நெகட்டிவுக்கு வந்து சேர்ந்தார்கள், அதன் கவலையையும் கூடவே வாங்கிக்கொண்டார்கள். இந்தச் சந்தைக்கு விடையாக முன்வந்த மருந்து பாராஃபினைலின்டையமின். லூமியேர் சகோதரர்களும் அவர்களுடைய கூட்டாளி அல்ஃபோன்ஸ் செயெவெட்ஸும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது மிக நுண்ணிய துகளைத் தருவதைக் கவனித்திருந்தார்கள். அப்போது யாருக்கும் அது தேவைப்படவில்லை. முப்பது ஆண்டு கழித்துத் தேவை வந்தது. டூபான்ட் நிறுவனத்தின் சீஸ் அதை அடிப்படையாக வைத்து ஒரு ஃபார்முலா வரிசையையே வெளியிட்டார். சிகாகோவில் எட்மண்ட் லோ, எட்வால் என்ற பெயரில் தன் கலவைகளை விற்றார். ஜெர்மனியில் ஹான்ஸ் விண்டிஷ் பாராஃபினைலின்டையமினின் ஆர்த்தோ வகையை மெட்டாலோடு சேர்த்தார். ஹாரி சாம்ப்ளின் 1937இல் ஃபைன் கிரெயினைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் போட்டார். ஒரு தொழில்நுட்ப நுணுக்கத்துக்குத் தனிப் புத்தகம் விற்கும் அளவுக்கு அந்த வெறி இருந்தது.

சீஸின் வரிசையைக் கிட்டத்தில் பார்த்தால் இந்தக் கட்டுரையின் வாதம் அதிலேயே எழுதியிருப்பது தெரியும். எல்லாவற்றிலும் சல்பைட் 90 கிராம், பாராஃபினைலின்டையமின் 10 கிராம். மாறுவது ஒன்றே ஒன்று: கிளைசின் என்ற இன்னொரு டெவலப்பிங் மருந்து. முதல் ஃபார்முலாவில் கிளைசின் கிடையாது. அடுத்ததில் 1 கிராம், மூன்றாவதில் 6, நான்காவதில் 12. கிளைசின் இல்லாத முதலாவது மிக நுண்ணிய துகள் தரும். ஆனால் பிலிமுக்கு வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வெளிச்சம் காட்டியாக வேண்டும், டப்பாவில் அரைமணி நேரத்துக்கு மேல் கிடக்கவும் வேண்டும். கிளைசின் கூடக் கூட வேகம் திரும்பி வரும், கிரெயினும் கூடவே திரும்பி வரும். நான்கு ஃபார்முலாக்களும் ஒரே தராசின் நான்கு நிலைகள். ஒரு தட்டு ஏறினால் மறுதட்டு இறங்குகிறது. மருந்தின் குணமும் நல்லதல்ல. இன்று முடிச்சாயத்தில் ஒவ்வாமைக்குக் காரணமாகப் பேசப்படுவது இதே பொருள்தான். பிலிம் கழுவுகிறவரின் விரல் கறுக்கும், துணி கறைபடும், சிலருக்குத் தோல் வெடிக்கும். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு நான்கு மடங்கு வெளிச்சம் காட்டும் பொறுமையுள்ளவர், முதலிலேயே நான்கு மடங்கு மெதுவான, இயல்பிலேயே நுண்ணிய துகள் கொண்ட பிலிமை வாங்கி டி-76இல் கழுவியிருந்தால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்திருக்கும். கோடாக்கின் பானடாமிக்-எக்ஸ் 1930களிலேயே கடைகளில் இருந்தது.

அக்கால விளம்பரங்கள் ஒரு விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லின: சாதாரண டெவலப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்குகிறது, எங்கள் டெவலப்பர் அதைத் தடுக்கிறது. இந்த விளக்கத்தின் அடித்தளத்தை 1935இல் இங்கிலாந்தில் கோடாக்கைச் சேர்ந்த செல்வின் கணக்கால் அசைத்துவிட்டார். ஒரு வெள்ளித் துகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கினாலும் அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான்; வெறுங்கண்ணால் பிரித்தறிய அதைப் போலப் பல மடங்கு பெரியதாக இருக்க வேண்டும். அப்படியானால் பிரிண்டில் நாம் பார்ப்பது தனித் துகளே அல்ல. ஜெலட்டின் படலத்தின் வெவ்வேறு ஆழங்களில் தற்செயலாகச் சிதறிக் கிடக்கும் துகள்கள், மேலிருந்து பார்க்கும்போது ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் தெரிகின்றன. அந்த ஏற்ற இறக்கமே நம் கண்ணுக்குக் கிரெயினாகத் தோன்றுகிறது. அந்தச் சிதறல் பிலிமைத் தொழிற்சாலையில் பூசும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. டெவலப்பர் ஒவ்வொரு துகளையும் சற்றுச் சிறிதாக்கலாம். சிதறலின் தலைவிதியை மாற்ற முடியாது. அதனால்தான் எந்த டெவலப்பரும் வேகமான பிலிமை மெதுவான பிலிமாக மாற்றிவிடவில்லை.

ஒப்பிடும் முறையிலும் ஒரு கோளாறு இருந்தது. நெகட்டிவின் அடர்த்தியும் கான்ட்ராஸ்டும் கூடக் கூடக் கிரெயின் கூடும். ஃபைன் கிரெயின் டெவலப்பர்களில் பல, பிலிமை அரைகுறையாகவே கழுவித் தந்தன. மெல்லிய, சப்பையான நெகட்டிவ் வந்தது. அதைச் சாதாரண நெகட்டிவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிரெயின் குறைந்ததாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சப்பை நெகட்டிவிலிருந்து உயிருள்ள பிரிண்ட் எடுக்கக் கடினமான தாளுக்குப் போக வேண்டியிருக்கும். தாள் கான்ட்ராஸ்டை ஏற்றும்போது ஒளிந்திருந்த கிரெயினையும் கூடவே ஏற்றிவிடும். ஒரே வேகம், ஒரே கான்ட்ராஸ்ட், ஒரே பெருக்கம் என்று மூன்றையும் சமமாக வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். அப்படிப் பார்த்தபோது அதிசய மருந்துகளின் வித்தியாசம் பெருமளவு சுருங்கியது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சல்பைட்டை இன்னும் நன்றாகப் பயன்படுத்தும் டெவலப்பர்கள் கிரெயினை அளவுகோலிலேயே குறைத்துக் காட்டினவே, அது பொய்யா? பொய்யல்ல. கோடாக்கின் ரிச்சர்டு ஹென் 1944இல் டி-23ஐ வெளியிட்டார். மெட்டால் ஏழரை கிராம், சல்பைட் 100 கிராம், வேறொன்றுமில்லை. அதில் 15 கிராம் சோடியம் பைசல்பைட் சேர்த்துக் காரத்தைக் குறைத்தால் டி-25. வேலை மெதுவாகி, கரைப்பு நடக்க நேரம் கூடி, துகள் இன்னும் நுண்மையாகும். விஷ மருந்து இல்லாமலே பாராஃபினைலின்டையமினுக்குப் பக்கத்தில் போக முடியும் என்று காட்டியது ஹென்னின் பெரிய சாதனை. அதே பாதையில் வந்த மைக்ரோடால்-எக்ஸில் துகளைக் கரைக்க உதவியது நம் சமையலறைக் கறியுப்பே. இல்ஃபோர்டின் பெர்செப்டால் இன்றும் இந்தப் பரம்பரையில் விற்கப்படுகிறது. இவற்றில் கழுவிய பிலிமின் கிரெயின் உண்மையாகவே குறைவு. ஆனால் விலைப்பட்டியலையும் படிக்க வேண்டும். 400 வேகமுள்ள எச்பி-5 பிளஸ் பிலிமை நீர்க்காத பெர்செப்டாலில் கழுவுவதானால் அதை 250ஆக வைத்துப் படமெடுக்கும்படி இல்ஃபோர்டே சொல்கிறது. வேகத்தில் போனதை அந்த நிறுவனம் ஒளிக்கவில்லை. இன்னொரு செலவு எண்ணில் அகப்படாதது, அது கூர்மை.

கூர்மை என்பதை நெடுங்காலம் லென்ஸின் குணமாகவே பார்த்தார்கள். 1952இல் கோடாக் ஆராய்ச்சிக்கூடத்தின் ஹிக்கின்ஸும் ஜோன்ஸும், ஒரு படம் கூர்மையாகத் தெரிவதற்கும் எத்தனை நுண்கோடுகளை அது பிரித்துக் காட்டுகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று நிறுவினார்கள். ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் அடர்த்தி எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதைத்தான் கண் கூர்மையாக உணர்கிறது. அதை அளக்க அவர்கள் அக்யூட்டன்ஸ் என்ற அளவைத் தந்தார்கள். இந்த அளவுகோலில் கரைக்கும் டெவலப்பர்களின் மறுபக்கம் வெளிப்பட்டது: துகளின் ஓரத்தை மழுக்கும் அதே சல்பைட், விளிம்பின் கூர்மையையும் மழுக்குகிறது. கிரெயின் இல்லாத படம் கொஞ்சம் குழைந்த படமாகவும் இருந்தது. அதன் பின் காற்று திசை மாறியது. ஜெர்மனியில் ஆடாக்ஸ் நிறுவனம் மெல்லிய படலம் பூசிய, டின் என்ற ஜெர்மன் அளவீட்டில் 14 வேகமே உள்ள மெதுவான பிலிம்களைக் கொண்டுவந்தது. வில்லி பாய்ட்லரின் டெவலப்பர் அதற்குப் பொருந்தியது. லிட்டருக்குச் சில கிராமே சல்பைட் கொண்ட அந்த நீர்த்த கரைசல் எதையும் கரைக்க முயலவில்லை. விளிம்புகளை எடுத்துக் காட்டியது. இங்கிலாந்தில் ஜெஃப்ரி கிராலி, 1960ஐ ஒட்டிப் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராஃபி இதழில் எழுதிய தொடரில் இந்தச் சிந்தனையை விரிவாக்கினார். டி-76ஐ ஒன்றுக்கு ஒன்று நீர்த்து, ஒருமுறை பயன்படுத்தி ஊற்றிவிடும் பழக்கமும் இந்த நோக்கிலேயே நிலைத்தது. சல்பைட் 50 கிராமாகக் குறைகிறது, கிரெயின் கடுகளவு கூடுகிறது, விளிம்பு தெளிகிறது.

வேகத்தைப் பற்றிய புரிதலும் அதே சமயத்தில் திருத்தப்பட்டது. அதுவரை அமெரிக்கத் தர அளவீடு, படமெடுப்பவர் தவறினாலும் படம் கிடைக்க வேண்டும் என்று தாராளமான பாதுகாப்பு இடைவெளி வைத்து வேகத்தைக் குறைத்தே அச்சிட்டிருந்தது. 1960இல் அந்த இடைவெளி பாதியாக்கப்பட்டது. 200 என்று விற்ற கோடாக்கின் டிரை-எக்ஸ், பிலிமில் ஒன்றும் மாறாமலே 400 ஆயிற்று. அதுவரை இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கிக் கெட்டியாகிப்போன நெகட்டிவ்களில் தெரிந்த கிரெயினில் ஒரு பங்கு, டெவலப்பரின் குற்றம் அல்ல, அளவுக்கு மிஞ்சிய வெளிச்சத்தின் குற்றம். சரியான வெளிச்சமும் அளவான கழுவலும் செய்ததை எந்தப் புட்டியும் செய்யவில்லை.

இன்னொரு மறுப்பை முன்வைப்பவர்கள் 1996இல் வந்த எக்ஸ்டாலைக் காட்டுவார்கள். கோடாக்கில் சில்வியா சவாட்ஸ்கியும் டிக் டிக்கர்சனும் வைட்டமின் சி குடும்பத்துப் பொருளை வைத்து உருவாக்கிய அது, வேகத்தை இழக்காமல், கூர்மையும் கெடாமல், டி-76ஐவிட நுண்ணிய துகள் தந்தது. அப்படியானால் விலை இல்லாத லாபம் சாத்தியம்தானே? ஓரளவு சாத்தியமே, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எழுபது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின் கிடைத்த அந்த முன்னேற்றம், பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுதான். பத்து ஆண்டு முன்னதாக, 1986இல், அதே கோடாக் டி-மேக்ஸ் பிலிமில் வெள்ளிப் படிகங்களைத் தட்டையான வில்லைகளாக வளர்த்தபோது நடந்தது வேறு வகை மாற்றம்: அதே 400 வேகத்தில் டிரை-எக்ஸைவிடக் கண்கூடாக நுண்ணிய கிரெயின். இல்ஃபோர்டு டெல்டா வரிசையோடு பின்தொடர்ந்தது. பெரிய தாவல்கள் எப்போதும் பிலிம் பூசும் தொழிற்சாலையில் நடந்தன. இருட்டறையில் நடந்தவை ஓரங்குல நகர்வுகள்.

கிரெயினே அழகு என்பவர்களின் மறுப்பு வேறு திக்கிலிருந்து வரும். வில்லியம் கிளைன் 1956இல் வெளியிட்ட நியூயார்க் புத்தகமும், 1958இல் பாரிஸில் வந்த ராபர்ட் ஃபிராங்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலும், 1968இல் ஜப்பானில் தொடங்கிய ‘ப்ரோவோக்’ இதழின் கலைஞர்களும் கரடுமுரடான துகளை மறைக்காமல் முன்னே நிறுத்தினார்கள். அப்படியானால் கிரெயினைத் துரத்தியதே வீண்தானா? இல்லை. கிரெயின் தவிர்க்க முடியாத குறையாக இருந்தவரை அது யாருடைய தேர்வும் அல்ல. அதைக் கட்டுப்படுத்தும் வழிகள் தெரிந்த பிறகுதான், கட்டுப்படுத்தாமல் விடுவது ஒரு கலைஞரின் முடிவாக ஆனது. மேலும் ஆய்வக அளவீடுகளும், அக்யூட்டன்ஸ் போன்ற கருத்துகளும், பிலிம் வேகத்தின் திருத்தமும் இந்தத் துரத்தலின் வழியிலும் அதை ஒட்டியும் விளைந்தவையே. மருந்து ஏமாற்றினாலும் தேடல் ஏமாற்றவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்டு, 1967இல் உற்பத்திக்கு வந்தது. பிலிம் பூசத் தூசியற்ற, குளிர்ந்த காற்று வேண்டும். உதகை அதைத் தந்தது. ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் வந்தன. ஆனால் அந்தப் பிலிமைக் கழுவிய ஊர்கள் உதகைபோல் குளிர்ந்தவை அல்ல. டெவலப்பர் ஃபார்முலாக்கள் எல்லாம் 20 டிகிரித் தண்ணீரை நினைத்து எழுதியவை. சென்னையிலோ மதுரையிலோ குழாய்த் தண்ணீரே கோடையில் 30ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் உப்பும், கழுவும் நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கிச் சீரற்றுப்போகும், சூடான கரைசலிலிருந்து குளிர்ந்த நீருக்கு மாற்றினால் படலம் சுருங்கி வலைபோல் வெடிக்கும். அதைக் கிரெயின் என்று நினைத்து ஃபைன் கிரெயின் டெவலப்பரைத் தேடிப் போவது தலைவலிக்குக் கால்கட்டுப் போடுவது. மருந்தைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்து, எல்லாக் கரைசலையும் தண்ணீரையும் ஒரே சூட்டில் நிறுத்தினாலே பாதிக் ‘கிரெயின்’ காணாமல்போகும்.

இன்று மறுபடியும் பிலிமைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எந்த டெவலப்பரில் கிரெயின் குறைவு என்பது. வரலாறு தரும் விடையை வரிசைப்படி சொல்லலாம். முதலில் பெரிய பிலிம் போடுங்கள். அது முடியாவிட்டால் மெதுவான பிலிம் போடுங்கள். வெளிச்சத்தை அளந்து காட்டுங்கள், நேரத்தை மீறிக் கழுவாதீர்கள், சூட்டை ஒரே நிலையில் வையுங்கள். இவை அனைத்தையும் செய்த பிறகு எஞ்சும் சிறு வித்தியாசத்துக்காகத்தான் டெவலப்பரை மாற்ற வேண்டும். மாற்றும்போது வேகத்தைக் கொடுக்கிறோமா கூர்மையைக் கொடுக்கிறோமா என்று தெரிந்து கொடுக்க வேண்டும். 1930களின் பாராஃபினைலின்டையமின் கலவைகளைத் தேடிப்போகிறவர்கள் இன்று மிகச் சிலரே. மைக்ரோடால்-எக்ஸை கோடாக்கே நிறுத்திவிட்டது. சினிமாப் பிரதிக்காகக் கேப்ஸ்டாஃப் வகுத்த டி-76ஓ இன்னும் கடையில் கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் நான்கு மருந்துகளை நிறுத்து நாமே கலந்துகொள்ளலாம்.